நத்தம் ரோட்டில் நின்ற வண்டி

எங்கள் புது வண்டியை முதல் தடவை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டபோது அதற்கு வயது பன்னிரண்டு நாள். சீட்டின் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையை நாங்கள் இன்னும் கிழிக்கவில்லை. திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகிற வழியில் சாணார்பட்டியைத் தாண்டியதும் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விட்டது. முன்பக்கம் ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, என் வீட்டுக்காரர் சிரித்தபடி சொன்னார், புதுப் பெண் முதல்முறை அடுப்பு பற்றவைக்கிற மாதிரி இது, கொஞ்சம் புகையத்தான் செய்யும் என்று. நானும் சிரித்தேன். அந்த வண்டியை வைத்து நான் சிரித்தது அதுதான் கடைசி.

எங்கள் தொழில் தேனீ வளர்ப்பு. தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், காந்திகிராமத்துப் பக்கம் நடந்த ஒரு பயிற்சிக்கு இருவரும் சேர்ந்து போனோம். பத்துப் பெட்டியில் ஆரம்பித்து, நான்கைந்து வருடத்தில் அறுபது பெட்டி வந்துவிட்டது. தேனீயை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. பூ எங்கே பூக்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோக வேண்டும். சேவுகம்பட்டித் தென்னந்தோப்பு, ஒட்டன்சத்திரம் பக்கத்து முருங்கைக் காடு, நத்தத்தில் மாவும் புளியும் என்று வருடம் முழுக்க ஊர் மாறிக்கொண்டே இருப்போம். போகிற இடத்தில் தோப்பிலேயே தார்ப்பாய் கட்டித் தங்குவோம். மழையில், பூச்சிபொட்டில், பாம்புக்குப் பயந்து. வாடகை வண்டிக்காரர்கள் ஒரு தடவை கொட்டு வாங்கினால் மறுதடவை போனையே எடுக்கமாட்டார்கள்.

அதனால்தான் சொந்த வண்டி. எங்கள் அப்பா எனக்கென்று விட்டுப்போன நிலத்தை விற்று வாங்கினோம். சாதாரண லோடு வண்டி இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பேர் படுக்க ஒரு பலகைக் கட்டில், அதன் கால்மாட்டில் ஒற்றை அடுப்பு வைக்கத் தகரத் தட்டு, மேலே தண்ணீர்த் தொட்டி, துணி வைக்க ஓர் அலமாரி. அதற்குப் பின்னால் கம்பி வலைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் அறுபது பெட்டி அடுக்க இரும்புத் தட்டுகள். வருடத்தில் பாதி நாள் அதிலேயே குடியிருக்கலாம். படம் போட்டுக் கொடுத்தது நான்தான். ஷோரூம் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, தானே ஆள் வைத்து பாடி கட்டிக் கொடுத்துவிடுவதாகவும், நாங்கள் வேறெங்கும் அலைய வேண்டாம் என்றும் சொன்னார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். வெள்ளைச் சட்டையும், பையில் இரண்டு பேனாவும், பேசும்போது தலையைச் சற்றே சாய்த்துக்கொள்கிற பழக்கமும் உள்ள மனிதர். அந்தத் தலைச்சாய்ப்பைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

முதல் தடவை இரண்டு நாள் வைத்திருந்து, ஏதோ ஒரு வால்வை மாற்றியதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் மறுபடி சூடு ஏறியது. பேன் பெல்ட் என்றார்கள். அதற்கடுத்து வாட்டர் பம்ப். நடுவே ஐப்பசி மழை வந்தது. கட்டிலுக்கு நேர் மேலே கூரைத் தகரம் ஒட்டுகிற இடத்தில் ஒழுகி, மெத்தை ஊறிப் பிழிகிற மாதிரி ஆனது. பசை வைத்துப் பூசிக் கொடுத்தார்கள். பத்து நாளில் அது உரிந்து, அடுப்பின் மேல் சொட்டியது. பின்கதவின் தாழ்ப்பாள் இறுகிக்கொள்ளும். இரண்டு தடவை சரிசெய்தார்கள், இரண்டு தடவையும் மறுபடி இறுகிக்கொண்டது. இடதுபக்கக் கண்ணாடி இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. மூன்றாவது கியர் தானாக விழும்.

ஒவ்வொரு தடவையும் அவர்கள் வண்டியை எடுத்துக்கொள்ளும்போது எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டார்கள். பாத்திரம், பாய், துணி, மாதா படம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஒர்க்‌ஷாப் வாசலில் இறக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்போம். எண்ணெய் படிந்த கையோடு எங்கள் கட்டிலில் உட்கார்ந்து யாராவது சாப்பிட்டிருப்பார்கள். ஒரு தடவை அடுப்புத் தட்டில் பீடித்துண்டுகள் கிடந்தன. நான் அவற்றைக் கையில் அள்ளிக்கொண்டுபோய் முதலாளியின் மேஜைமேல் வைத்தேன். அவர் தலையைச் சாய்த்து, "கோவிச்சுக்காத தங்கச்சி. புது வண்டி கொஞ்ச நாளைக்கு அப்படித்தேன். நீங்களும் அதுக்குப் பழகணும், அதுவும் உங்களுக்குப் பழகணும்" என்றார்.

அன்று ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினேன். எந்த நாள் என்ன கோளாறு, யாரிடம் சொன்னேன், என்ன பதில் என்று எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அவர் தேனீக்களோடு பழகிப் பழகி நிதானமாகிப்போன ஆள். அவசரப்பட்டுக் கையை வீசுகிறவனைத்தான் முதலில் கொட்டும் என்பார். எழுதி வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே அப்போது தெரியாது.

வண்டி வாங்கி ஏழாவது மாதம் அது நடந்தது.

சேவுகம்பட்டித் தோப்பில் பூ குறைந்துவிட்டது. நத்தத்தில் புளி பூக்கத் தொடங்கியிருந்தது. தேனீக்கள் சாயங்காலம் கூடடைந்த பிறகு பெட்டி வாசல்களை அடைத்து ஏற்றிவிட்டு, வெள்ளென ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வெயில் ஏறும் முன்னால் நத்தம் போய்ப் பெட்டிகளை இறக்கி வாசலைத் திறந்துவிட வேண்டும். அடைத்த பெட்டியில் வெயில் ஏறினால் தேனீ தாங்காது. ஆறரைக்குத் திண்டுக்கல்லைத் தாண்டினோம். கோபால்பட்டிக்கு முன்னால், ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, முள் சிவப்புக்குப் போனது. எஞ்சின் நின்றது. அதற்குப் பிறகு அது கிளம்பவே இல்லை.

பக்கத்துக் கடையில் இருந்து ஷோரூம் முதலாளியின் வீட்டுக்குப் போன் போட்டேன். பின்னால் அறுபது பெட்டி தேனீ இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் ஆள் வரவில்லையென்றால் எல்லாம் செத்துப்போகும் என்று சொன்னேன். "ஆள் அனுப்புறேன் தங்கச்சி. செத்த நேரம் இருங்க" என்றார். எட்டு மணிக்கு மறுபடி போட்டேன். ஆள் கிளம்பியாச்சு, செத்த நேரம் இருங்க. ஒன்பது மணிக்கும் அதே வார்த்தை.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே பெட்டி வாசலைத் திறந்துவிட முடியாது. பெட்டிகளை இறக்கித் தூரத்தில் இருக்கிற மரத்தடிக்குச் சுமந்துபோகலாம் என்றால், பின்கதவின் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டு திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் சுத்தியலால் அடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே கட்டில் பக்கமாகப் போய், கம்பி வலைத் தடுப்பின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தோம். ஸ்பானர் வழுக்கி அவர் விரல் கிழிந்தது. தகரத்தின்மேல் வெயில் விழுந்து கொதித்தது. முதலில் அறுபது பெட்டியும் சேர்ந்து இரைந்தன. இரைச்சல் என்றால் சாதாரண ரீங்காரம் இல்லை. பெரிய மழை வருகிற மாதிரி. தேனீக்கள் சிறகடித்துப் பெட்டியைக் குளிர வைக்கப் பார்க்கும்போது வருகிற சத்தம் அது. சத்தம் இருக்கிற வரை உயிர் இருக்கிறது என்று அர்த்தம். தடுப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அது ஒரு மூலையில் இருந்து குறைய ஆரம்பித்தது.

பிறகு தரையில் தேன் ஒழுகியது. தேனடைகள் உள்ளே உருகிச் சரிந்துவிட்டன. கட்டில் வழியாகப் பெட்டிகளைக் கைமாற்றி, ரோட்டைக் கடந்து, புளியமரத்தடி வரை சுமந்தோம். பதினெட்டுப் பெட்டிகளைத்தான் உயிரோடு இறக்க முடிந்தது. மிச்சத்தில் மூடியைத் திறந்தால் ஈரமான கறுப்புக் குவியல். அவித்த தானியத்தைக் கொட்டி வைத்த மாதிரி. மெழுகும் தேனும் கலந்த வாசனை, நல்ல வாசனைதான்; அதற்குப் பிறகு எத்தனையோ நாள் எனக்கு அது குமட்டியது.

ஆள் வந்தது பன்னிரண்டரைக்கு. டிவிஎஸ்ஸில் ஒரு மெக்கானிக், கையில் ஒரு சின்னப் பை. பத்தரை மணிக்குத்தான் தன்னிடம் சொன்னார்கள் என்று அவர் சொன்னார். நான் அவர்மேல் கோபப்படவில்லை. அந்த மனிதர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஷோரூமுக்குப் போனேன். முதலாளி நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு, பூச்சி ஏற்றிப் போவதற்கு வண்டிக் கம்பெனி பொறுப்பேற்காது என்றும், கூடுதல் பாரம் ஏற்றியதால்தான் எஞ்சின் சூடாகிறது என்றும், அப்படியும் நமக்குள் என்ன, புது ரேடியேட்டர் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னார். பூச்சி என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் வந்த பன்னிரண்டு மாதமும் நான் கோயிலில் பரலோக மந்திரத்தை முழுதாகச் சொல்லவில்லை. தீமை செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். பக்கத்தில் நிற்கிற என் வீட்டுக்காரர் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுவார், எனக்கும் சேர்த்துச் சொல்கிற மாதிரி. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. படுத்தால் தூக்கத்துக்கு முன்னால் அந்த ஆளின் தலைச்சாய்ப்புதான் வரும். அவரை என்னென்னவோ செய்தேன், மனதுக்குள். நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். போட்டோம். வாய்தா வாய்தாவாகப் போனது. கோர்ட் வாசலில் பார்த்தால்கூட அந்த ஆள் தங்கச்சி சௌக்கியமா என்று கேட்பார்.

நடுவில் ஒருநாள் அந்த மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவிக்கு இருமல், கலப்படமில்லாத தேன் வேண்டும் என்று கேட்டார். ஷோரூம் வேலையை விட்டுவிட்டதாகவும் சொன்னார். தேன் கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னேன். காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, உங்களுக்கு வித்தது புது வண்டி இல்ல. அதுக்கு முன்னாடியே ஒருத்தரு எடுத்துட்டுப் போய்த் திருப்பி விட்ட வண்டி. எஞ்சினைப் பிரிச்சதே நாந்தேன். உள்ள மயிரிழை மாதிரி கீறல் இருக்கு. எத்தன ரேடியேட்டர் மாத்துனாலும் அது சூடாகத்தேன் செய்யும். மேல பெயிண்ட்டு அடிச்சு, பாடி கட்டி, உங்க தலையில கட்டிட்டாங்க."

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். பிள்ளைகுட்டிக்காரன் அக்கா என்றார். முதலில் வாங்கியவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருப்பவர் என்று அடையாளமும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பஸ்ஸில் நான் ஒட்டன்சத்திரத்தில் இருந்தேன். மண்டிக்காரரைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, அந்த வண்டியவா உங்களுக்குத் தள்ளி விட்டாங்க? இருபது நாள்தானுங்க வெச்சிருந்தேன். மூணு தடவ ரோட்டுல நின்னு போச்சுங்க. கொண்டுபோய் அவர் வாசல்லயே நிறுத்திப்போட்டு வந்துட்டேனுங்க."

ரிஜிஸ்டர் செய்யும் முன்பே திருப்பி விட்டதால் அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் வண்டியை ஒப்படைத்தபோது ஷோரூமில் எழுதிக்கொடுத்த காகிதம் அவரிடம் இருந்தது. முத்திரை, முதலாளியின் கையெழுத்து, சேஸிஸ் நம்பர். என் நோட்டில் எழுதி வைத்திருந்த நம்பரோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டுமானால் கோர்ட்டுக்கும் வருவதாகச் சொன்னார்.

அதை நேராக வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். புத்தியுள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள். நான் செய்யவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டு, நான்கு நாள் யோசித்தேன். காகிதம் அந்த ஆளைத் தோற்கடிக்கும். ஆனால் அன்றைக்கு அந்தத் தகரப் பெட்டிக்குள் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அவர் தோற்றால் போதாது. தெரிய வேண்டும்.

ஐந்தாம் நாள் ஷோரூமுக்குப் போய், குரலைத் தணித்துப் பேசினேன். வழக்கு நடத்தி எங்களுக்கும் அலுத்துவிட்டது. நீங்கள் வண்டி நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். ஒரு தடவை எங்களோடு நத்தம் வரை வந்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். நிற்காமல் போய்ச் சேர்ந்தால், வண்டியில் குறையில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வழக்கை வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்றேன். முந்தின வாரம்தான் மறுபடி ரேடியேட்டர் மாற்றியிருந்தார்கள். முப்பது நாற்பது கிலோமீட்டர் எப்படியும் ஓடிவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். தலையைச் சாய்த்து, சந்தோசம் தங்கச்சி என்றார்.

நான்கு பெட்டிகள் மட்டும் ஏற்றினோம். நத்தத்தில் தோப்புக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூடிக்குப் பதில் வலை போட்டு, மேலே ஈரச் சாக்கு விரித்திருந்தேன். அந்த நான்கு கூட்டத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஆனால் எங்களிடம் இருந்ததிலேயே முரட்டுத்தனமான நான்கையும் பொறுக்கி எடுத்தது நான்தான். ஏன் வெள்ளெனக் கிளம்பாமல் பத்து மணிக்குக் கிளம்புகிறோம் என்று அவர் கேட்டார். முதலாளிக்கு அப்போதுதான் ஒழியும் என்றேன். அதுவும் பொய். சித்திரை வெயிலுக்காகத்தான் பத்து மணி.

முதலாளியே ஓட்டினார். பழைய பாட்டு ஒன்றை முனகிக்கொண்டு வந்தார். சாணார்பட்டி தாண்டியது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் நிற்கக் கூடாதே என்று ஏழெட்டு மாதம் அந்த முள்ளைப் பார்த்து வேண்டியிருக்கிறேன். அன்றைக்கு நின்றுவிட வேண்டும் என்று வேண்டினேன். கோபால்பட்டியைத் தாண்டி, வீடு வாசல் எதுவும் இல்லாத இடத்தில், ஆவி கிளம்பியது. வண்டி நின்றது. அவர் முனகலும் நின்றது.

கொஞ்சம் ஆறினால் சரியாகிவிடும், தண்ணீர் மட்டும் வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் கேனை எடுத்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த தோட்டத்துக் கிணற்றைப் பார்த்து நடந்தார். பெட்டிகளை இறக்கி நிழலில் வைத்துவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நிழல் இருபதடி தள்ளிப் புளியமரத்தடியிலும் இருந்தது. வண்டியை ஒட்டியும் கொஞ்சம் இருந்தது. நான் முக்காட்டு வலையைப் போட்டுக்கொண்டு, வண்டியை ஒட்டியே, முன்கதவுக்குக் கீழே, நான்கு பெட்டிகளையும் வரிசையாக வைத்தேன். வாசல்களைத் திறந்தேன். பிறகு ஒவ்வொரு பெட்டியையும் முழங்காலால் ஒரு இடி இடித்தேன்.

அவர் பானெட்டைத் திறந்துகொண்டிருந்தார். முதல் கொட்டு கழுத்தில். கையை வீசினார். அவ்வளவுதான். ஓடிப்போய் வண்டிக்குள் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினார். வலது பக்கம் ஏறிவிட்டது. இடது பக்கம் இரண்டு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. அந்தக் கண்ணாடியைப் பற்றி என் நோட்டில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்.

கைக்குட்டையை வைத்து அந்த இடைவெளியை அடைக்கப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை ஓடியது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. செல்போனை எடுத்துப் பார்த்தார். அந்த இடத்தில் அப்போது டவர் கிடையாது. கண்ணாடியைத் தட்டினார்.

"தங்கச்சி, பெட்டிய மூடும்மா. உள்ள இருக்க முடியல."

நான் பக்கத்தில் போய், அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். "ஆள் அனுப்பியிருக்கேன். செத்த நேரம் இருங்க."

அவர் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்குள் ஓடிய சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. என் கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டு பார்த்தேன். அவர் சீட்டில் சரிந்தார், நிமிர்ந்தார், மறுபடி சரிந்தார். கட்டில் பக்கம் ஏறிப் போனார். அங்கே இன்னும் வெக்கை அதிகம் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தார். கண்ணாடியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

என் வீட்டுக்காரர் வந்தபோது அரை மணி நேரம் ஆகியிருக்கும். தூரத்திலேயே பார்த்துவிட்டார். கேனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். காய்ந்த ஓலையைக் கொளுத்திப் புகை காட்டி, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தள்ளி வைத்தார். என் தலையில் இருந்த வலையை உருவி அந்த ஆளுக்குப் போட்டு, கைத்தாங்கலாக இறக்கி நிழலில் கிடத்தினார். முகம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இவர் கொட்டுமுள்களை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இம்புட்டுத்தேனா? இன்னும் ஏதும் மிச்சம் வச்சிருக்கியா?"

பிறகு என் வீட்டுக்காரர் அந்த வழியாக வந்த பஸ்ஸை மறித்து, அந்த ஆளை ஏற்றிக்கொண்டு நத்தத்துக்கு டாக்டரிடம் போய்விட்டார். நான் வண்டிக்கும் பெட்டிகளுக்கும் காவலாக அங்கேயே இருந்தேன்.

சிலருக்குத் தேனீக் கொட்டு ஆகாது. மூச்சு அடைத்துச் செத்துப்போவார்கள். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் ஒரு மணி நேரம், செத்தால் சாகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு பயம் வந்தது. அவருக்காக இல்லை. போலீஸ் வரும், வீட்டுக்காரரையும் பிடிப்பார்கள், பெட்டிகள் என்னாகும் என்கிற பயம். வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன். சீட்டிலும் தரையிலும் கொட்டிய தேனீக்கள் செத்துக் கிடந்தன. கொட்டிய தேனீ பிழைக்காது. அவற்றை ஏவிவிட்டது நான். கைக்கு அகப்பட்ட வரையில் பொறுக்கி ஒரு காகிதத்தில் வைத்தேன். பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் மரத்தடியில் கொட்டிவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேறொரு மெக்கானிக்கோடு திரும்பினார். ஊசி போட்டிருக்கிறது, பிழைத்துக்கொண்டார், வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்று மெக்கானிக்கிடம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார். அதன் பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார். வெஞ்சனம் வேண்டுமா என்று கேட்டால் தட்டைக் காட்டுவார்.

போலீஸ் வரவில்லை. பத்தாம் நாள் நானே ஷோரூமுக்குப் போனேன். அந்த ஆளின் இடது கண்ணுக்குக் கீழே இன்னும் வீக்கம் வடியவில்லை. என்னைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தங்கச்சி என்று கூப்பிடவில்லை. நான் ஒட்டன்சத்திரக் காகிதத்தின் நகலை மேஜைமேல் வைத்தேன். படித்தார். தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற வண்டி தர்றேன். இதே மாதிரி பாடி கட்டி. கம்பெனியில இருந்து நேரா வர்ற வண்டி, நீங்களே போயிப் பார்த்து எடுத்துக்கங்க. கேஸை வாபஸ் வாங்கிருங்க."

"அது வரட்டும். எங்களுக்கு விக்கும்போது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

கடைசியில் "தெரியும்" என்றார். அதைச் சொன்னபோது தலையைச் சாய்க்கவில்லை. நேராகப் பார்த்துத்தான் சொன்னார். அவர் அழுவார், கெஞ்சுவார் என்று நான் எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நகலை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மெக்கானிக் வந்தது, ஒட்டன்சத்திரம் போனது, காகிதம், பத்து மணி, எல்லாம். அவர் சாக்கு தைத்துக்கொண்டே கேட்டார்.

"காகிதம் கையில இருந்துச்சுல்ல. அப்புறம் எதுக்குத்தா அந்த ஆளை வண்டியில ஏத்துன?"

காகிதம் போதாது என்று தோன்றியதாகச் சொன்னேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். இப்போது போதுமா என்று கேட்டார். இல்லை என்றேன். இனிமேல் முரட்டுக் கூட்டத்தைத் தனியாகத் திறக்காதே என்று மட்டும் சொன்னார். அதோடு பேச ஆரம்பித்துவிட்டோம்.

வழக்கை வாபஸ் வாங்கினோம். புது வண்டி மூன்று மாதத்தில் வந்தது. அது உண்மையிலேயே புது வண்டி. கூரை ஒழுகவில்லை. கண்ணாடி கடைசிவரை ஏறியது. முள் நடுவிலேயே நின்றது, கொட்டாம்பட்டி ஏற்றத்தில்கூட. நான் தட்டையும் கதவையும் தினமும் ஆட்டிப் பார்ப்பேன். முதல் வருடம் முழுக்க, ஏதாவது ஒன்று கழன்று விழாதா என்று காத்திருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த ஆளின் வாசலில் போய் நிற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. வண்டி எனக்கு அதைத் தரவே இல்லை. நன்றாக ஓடிற்று. பெட்டிகள் மறுபடி ஐம்பதைத் தாண்டின. பழையபடி டின் டின்னாகத் தேன் இறக்கினோம்.

ஷோரூமில் இருந்து கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எல்லாக் கிறிஸ்தவ வாடிக்கையாளர்களுக்கும் ஒரு கேக் அனுப்புவார்கள். அந்த வருடம் எங்களுக்கும் வந்தது. அனுப்பச் சொன்னது அவரா, அல்லது லிஸ்டில் இருக்கிற பெயருக்கெல்லாம் போகிறதா என்று தெரியாது. என் வீட்டுக்காரர் அதை வெட்டி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தானும் இரண்டு துண்டு சாப்பிட்டார். எனக்கும் ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினார். நான் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போட்டேன். கோழிகள் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.